நாலாவது வரியில் உடைகிற குரல்

அவனுக்குப் பாட வராது. இதைப் பொறாமைக்காரர்கள் சொல்லவில்லை, அவனே சொல்லுவான். பேட்டி எடுக்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான், மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னாலும் கைதட்டுகிற கூட்டத்திடம் மனுஷன் வேறு எதைத்தான் சொல்லுவான்?

ஊர் அவனுக்கு வைத்த பேர் தகரம். தகரத்தைத் தரையில் போட்டு இழுத்தது போல ஒரு குரல் என்று ஒரு பத்திரிகைக்காரர் ஆரம்பத்தில் திட்டி எழுதினார். திட்டு மறந்துபோனது, பேர் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தப் பேரைச் சட்டையில் அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

தொழிலால் அவன் ஏசி மெக்கானிக். மனைவியின் அண்ணன், அவனுக்கு மச்சான், கிட்டார் வாசிப்பவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து 'துரு' என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். டயர் கடைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நிலவறையில் ஒத்திகை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. அங்கே இருந்த ஏசி வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஒழுகும். கல்யாணமான புதிது, மச்சான் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போய்க் குந்திக்கொண்டு சரி செய்வான். வேலை முடிந்தும் உடனே கிளம்ப மாட்டான், மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். இப்படிக் கேட்டுக் கேட்டே எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. அங்கேதான் சனியன் பிடித்தது.

குழுவுக்கு நல்ல பாடகர் ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வருஷம் முறையாகக் கற்றவர். முதல் பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய நாளில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"மாப்ள, மெட்டு மறக்காம இருக்க நீ சும்மா ஒரு தடவை பாடி வை. அவன் நாளன்னிக்கு வந்து அது மேல பாடிடுவான்," என்றார் மச்சான்.

ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பாடினான். முதல் மூன்று வரி எப்படியோ தட்டுத்தடுமாறி ஓடியது. நாலாவது வரியில் மெட்டு மேலே ஏறும். அவன் குரலும் ஏறியது, பாதி வழியில் உடைந்தது, ஏற வேண்டிய சுரத்துக்குக் கீழே போய் விழுந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க!" என்று பதறிவிட்டு மிச்சத்தைப் பாடி முடித்தான். அந்த மன்னிப்பும் பதிவானது.

இரண்டு நாள் கழித்து நல்ல பாடகர் வந்து அப்பழுக்கில்லாமல் பாடிக் கொடுத்தார். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்துபோன எல்லோரிடமும் இரண்டையும் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் முதலாவதைத்தான் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். இரண்டாவது நன்றாக இருந்தது, ஆனால் யாரோ பாடுவது போல இருந்தது. முதலாவது, நாமே குளிக்கும்போது பாடுவது போல இருந்தது. அதுதான் அதன் சூட்சுமம். நன்றாகப் பாடுகிறவனை உட்கார்ந்து கேட்கலாம், கூடச் சேர்ந்து பாட முடியாது. தகரத்தோடு யார் வேண்டுமானாலும் சேர்ந்து பாடலாம்.

முதலாவதையே வெளியிட்டார்கள், நல்ல பாடகர் குழுவை விட்டுப் போய்விட்டார். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எப்போதாவது தெருவில் எதிர்ப்பட்டால் சிரித்துவிட்டு எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளெல்லாம் தகரத்துக்குச் சோறு இறங்காது.

பதினொரு வருஷம் ஓடிவிட்டது. பாட்டு எங்கேயோ போய்விட்டது. எந்த ஊரில் மேடை போட்டாலும் அந்த முதல் பாட்டு வேண்டும். நாலாவது வரி வந்ததும் அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் ஏறி, ஒரே இடத்தில் உடைந்து, ஒரே இடத்தில் விழுவார்கள். விழுந்ததும் எல்லோரும் சேர்ந்து, "ஐயோ, மன்னிச்சுக்குங்க!" என்பார்கள். எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு வெட்கத்தில் வாய் உளறியது, இன்றைக்கு அவர்களுக்கு மந்திரம்.

வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு தடவை முயன்று பார்த்தான். தெரிந்தவர் வீட்டு ஏசியைக் கழற்றி ஏணியில் நின்றிருந்தபோது வீட்டுக்காரம்மா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்த நாலாவது வரி மட்டும் பாடுங்களேன், என் தங்கச்சிக்கு அனுப்பணும்," என்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஏசி அப்படியே கிடந்தது. அதோடு அவனுடைய கைத்தொழிலும் போனது. மீதி இருந்தது தொண்டை ஒன்றுதான்.

இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது மகளால்.

மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் குழுவாகப் பாடுகிற பிள்ளைகளில் ஒருத்தி. காது கூர்மையான காது. காரில் போகும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அப்பனுக்கும் ஆசை வந்து கூடச் சேர்ந்தான். அவள் சட்டென்று நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"நீ பாடி முடிச்சிடுப்பா. அப்புறம் நான் பாடுறேன்."

கோபமில்லை, கேலியில்லை. வாசலில் பெரியவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளையின் மரியாதை. திட்டியிருந்தால் சிரித்திருப்பான். இந்த மரியாதை அவனை அறுத்துப் போட்டது.

மறுவாரம் மகளின் இசை ஆசிரியையிடம் போய் நின்றான். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவர். கண்டிப்பானவர். அவன் பாடியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. காது சொல்றது தொண்டைக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

"நாப்பத்துநாலு வயசாச்சு டீச்சர். அஞ்சுல வளையாதது..."

"ஏசி மெக்கானிக்தானே நீங்க? செப்புக் குழாயை எப்படி வளைப்பீங்க?"

"ஸ்பிரிங் போட்டு மெதுவா வளைக்கணும். அவசரப்பட்டா மடங்கிடும்."

"அப்ப உங்களுக்கே தெரியுது. செவ்வாய், வெள்ளி, மூணு மணிக்கு வாங்க."

இரண்டு வருஷம் போனான். குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஒரே சுரத்தை மூச்சு முட்டப் பிடித்துக்கொண்டிருப்பான். ஆசிரியை கீபோர்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "கீழ... இன்னும் கீழ... இப்ப மேல போயிட்டீங்க," என்பார். வீட்டில் பல் வைத்தியர் என்று சொல்லி வைத்திருந்தான்.

"வாயில இருக்கறது முப்பத்திரெண்டு பல்லு. ரெண்டு வருஷமா எதைப் புடுங்குறாரு அந்த டாக்டர்?" என்பாள் மனைவி.

ஒரு வெள்ளிக்கிழமை நாலாவது வரி வந்தது. ஏறியது, உடையவில்லை, போக வேண்டிய சுரத்தில் போய் உட்கார்ந்து அங்கேயே நின்றது. பாடி முடித்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். ஆசிரியை கீபோர்டை மூடிவிட்டு, அவன் முடிக்கிற வரை ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளோடு சேர்ந்து பாடினான். அவள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவன் மனசில் ஒரே ஒரு ஆசை. அந்தப் பாட்டை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜனங்களுக்கு முன்னால் முழுசாகப் பாடிவிட வேண்டும். இத்தனை வருஷம் உடைந்ததைக் கொடுத்தேன், இந்தாருங்கள் முழுசு என்று கொடுத்துவிட வேண்டும்.

மச்சானிடம் சொன்னான். அவர் கிட்டாரின் கம்பியை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"பாடு மாப்ள. குளிக்கும்போது பாடு."

"ஒரே ஒரு தடவை மச்சான்."

"நாலு குடும்பம் உன் தொண்டைல உக்காந்திருக்கு. நீ திடீர்னு செருமுனா எங்க போய் விழுவோம்?"

மனைவியிடம் சொன்னால், "எங்க அண்ணன் மூஞ்சில நான் முழிக்க வேண்டாமா?" என்றாள். மெத்தையிலே படுத்தால் மனைவி, மேடையிலே நின்றால் அவள் அண்ணன். இருதலைக்கொள்ளி எறும்புக்காவது இரண்டு பக்கமும் நெருப்பு என்று தெரியும். இவனுக்கு இரண்டு பக்கமும் பாசம். அதிலிருந்து தப்பிப்பது எப்படி?

ஆனாலும் ஆசை யாரை விட்டது.

விளையாட்டு மைதானம் ஒன்றில் பெரிய மேடை. மாலை ஐந்து மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. பத்தாயிரம் பேர். மைதானத்தின் நடுவே சவுண்ட்காரர் தன் ஒலிப் பலகைக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு நின்றிருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், ஆரம்பத்திலிருந்து குழுவோடு இருப்பவர், வேலையில் குறை சொல்ல முடியாது. பாட்டு தொடங்கியது. முதல் வரியை அவன் சுத்தமாகப் பாடினான். முன்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வரியில் மைக்கை நீட்டவில்லை. வாயருகிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏறினான்.

பத்தாயிரம் பேர் வழக்கம்போல உடைந்து கீழே விழுந்தார்கள். அவன் மட்டும் மேலே நின்றான்.

கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு சுரமும் மோதிப் பல் கூசியது. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கீபோர்டுக்கு முன்னால் அவன் பாடியது சரி. இந்த மைதானத்தில் சுருதி விலகி நிற்பவன் அவன் ஒருத்தன்தான். ஊரே ஒரு சுரத்தில் நிற்கும்போது அதுதான் சுருதி. இரண்டு வருஷம் மூச்சு முட்டப் படித்து, கடைசியில் நிஜமாகவே அபசுரமாகப் பாடுகிறவன் ஆகிவிட்டான்.

கூட்டம் அடங்கியது. முன்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"டேப்புடா! டேப்பு போட்டு ஏமாத்துறாங்க!"

அவ்வளவுதான், தீ மாதிரிப் பரவியது. அவர்கள் கணக்கும் நியாயமான கணக்குதான். தகரத்துக்குப் பாட வராது என்று தகரமே சொல்லியிருக்கிறான். அப்படியிருக்க இத்தனை சுத்தமாக வருவது அவன் குரலாக எப்படி இருக்கும்? தண்ணீர் பாட்டில்கள் மேடையில் வந்து விழுந்தன.

"டேப்பு இல்ல! நான்தான் பாடுறேன்! நான் கத்துக்கிட்டேன்!" என்று கத்தினான்.

"பேசுறது நீ! பாடுறது எவன்?"

வாத்தியங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறும் குரலில் அந்த வரியைப் பாடிக் காட்டினான். அது இன்னும் மோசமாகப் போனது. அத்தனை சுத்தமாக இருந்ததே போதாதா, திருட்டை நிரூபிக்க? முன்வரிசையில் அவன் பேர் போட்ட சட்டையோடு நின்ற ஒரு பெண் நிஜமாகவே அழுதாள். "எங்க தகரத்தை என்ன பண்ணீங்க?" என்று அவனைப் பார்த்தே கேட்டாள்.

நடுவில் சவுண்ட்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான், இன்னொருத்தன் பலகையின் வயர்களை இழுத்துப் பார்த்து டேப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவர் இரண்டு கையையும் தூக்கி, "சத்தியமா நேராத்தான் பாடுறாரு! சத்தியமா!" என்று கதறினார். கண்ணாடி எங்கேயோ போய் விழுந்திருந்தது.

மச்சான் பக்கத்தில் வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

"மாப்ள, அவரை அடிக்கப் போறாங்க. உடைச்சிடு."

உடைத்தான். மறுபடி ஏறி, பாதி வழியில் குரலைக் கைவிட்டு, கீழே போட்டான். தொண்டை மறுத்தது, இழுத்துப் பிடித்துப் போட்டான். "ஐயோ, மன்னிச்சுக்குங்க," என்றான். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டான், யாரிடம் என்றுதான் அவனுக்கும் தெரியவில்லை.

மைதானம் அதிர்ந்தது. காலரைப் பிடித்தவனே சவுண்ட்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். பத்தாயிரம் பேரும் சந்தோஷமாகத் தப்பாகப் பாடினார்கள்.

அதோடு தொலைந்ததா என்றால் இல்லை. தொண்டை இப்போது தானாகச் சரியான சுரத்துக்குப் போனது. பழைய மாதிரி உடைய வரவில்லை. வேண்டுமென்றே உடைத்தால் ஒரு நாள் சீக்கிரம் உடைந்தது, ஒரு நாள் தாமதமாக. ரசிகர்கள் கூர்ந்து கேட்கிறவர்கள். "தகரம் இப்பல்லாம் நடிக்குது," என்று பேச்சு கிளம்பியது. வெட்கத்தை விட்டு மறுபடி ஆசிரியையிடம் போய் நின்றான்.

"தப்பாப் பாடக் கத்துக்கொடுங்க டீச்சர்."

ஆசிரியை கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். அவருக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

"என்கிட்ட வர்ற பிள்ளைங்க அதைத் தெரிஞ்சுகிட்டுத்தான் வருவாங்க. யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை," என்றார். பிறகு பழைய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எந்த எழுத்தில் நழுவுகிறது, எத்தனை கீழே விழுகிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் தெரியாமல் செய்த தப்பை அவன் காகிதத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தான். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒரே இடத்தில் நூறு தடவை விழுந்தான். இரண்டையும் கலந்து பாடினால் இரண்டும் போய்விடும், கொஞ்ச காலத்துக்கு வேறெதுவும் பாட வேண்டாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். ஆகவே வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. மகள் தனியாகப் பாடிக்கொள்கிறாள்.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மச்சான் வந்து கட்டிக்கொண்டு, "நீ தங்கம் மாப்ள," என்றார். அவர் நல்லவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எத்தனை சௌகரியமாக இருந்திருக்கும் என்று தகரத்துக்குத் தோன்றியது.

மேடைகள் தொடர்ந்தன. ஒரு நாள் நாலாவது வரிக்கு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றபோது, அவன் வாய் தானாகத் திறந்தது. அத்தனை பேரும் கீழே விழுகிற அந்த நான்கு தாளத் தட்டு நேரத்துக்கு, மைக் இல்லாமல், அவன் சரியான சுரத்தைப் பாடினான். அந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. நெஞ்சில் ஒரு அதிர்வு மட்டும் இருந்தது. ஆனாலும் பாடினான் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் அந்த நான்கு தட்டுக்காகக் காத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. மனைவிகூட, "என்ன, முகம் தெளிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். பல்வலி போய்விட்டது என்றான்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் மாலைக் கச்சேரிக்கு முன்னால், மைக் சரி பார்க்கிற நேரத்தில், சவுண்ட்காரர் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம். நாலாவது வரில மைக்கை நீட்டுறீங்கல்ல, அப்ப எங்கேர்ந்தோ ஒரு சத்தம் உள்ள வந்து விழுது."

"என்ன சத்தம்?"

"மெலிசா, ஒரே சீரா ஒண்ணு. ஒயரை மாத்திப் பாத்தேன், ஸ்பீக்கரை மாத்திப் பாத்தேன், போகல. ஜனங்க பாடுறதோட சேரவே மாட்டேங்குதுண்ணே, காதுல உறுத்துது."

தகரம் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒரு கள்ளமும் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்ய நினைக்கிற மனிதரின் கவலைதான் இருந்தது.

"அந்த நாலு தட்டுக்கு மட்டும் உங்க மைக்கை நான் மூடிடவாண்ணே? உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது."

மேடைக்குக் கீழே ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். மச்சான் கிட்டாரை மாட்டிக்கொண்டு, வா என்று கையசைத்தார்.

"மூடிடுப்பா," என்றான் தகரம்.